லார்ஜ் என்றால் எவ்வளவு பெருசு?

போன வாரம் கணியூரில் தாத்தாவுக்குப் பனியன் வாங்கப் போனேன். கடைக்காரர் "என்ன சைஸ்?" என்றார். "லார்ஜ்" என்றேன். "லார்ஜெல்லாம் ஒயின்ஷாப்புல கேளு தம்பி. இங்க தொண்ணூறா, தொண்ணூத்தஞ்சா?" என்றார். கடையே சிரித்துவிட்டது!

அவர் சொன்னதும் சரிதான். குடிக்கிறவர்களுக்கு ஸ்மால் என்றால் 30 மில்லி, லார்ஜ் என்றால் 60 மில்லி. ஒரே சொல் ஒரு இடத்தில் சாராயம், இன்னொரு இடத்தில் சட்டை. அப்புறம் அந்தச் சொல்லின் ஜாதகத்தையே தோண்டிப் பார்த்தேன்.

லத்தீனில் 'லார்குஸ்' என்றால் நிறைய, தாராளமாகக் கொடுக்கிற என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் 'வாரிக் கொடுக்கிறவன்' என்ற பொருளில்தான் வந்தது. உருவத்தில் பெரியது என்ற பொருள் பிறகுதான் நிலைத்தது. நாமும் "அவர் பெரிய மனசுக்காரர்" என்கிறோமே, அதே கதைதான். தன் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும், பாட வந்த புலவரிடம் வாளை நீட்டினான் முதிரமலைக் குமணன். பழைய கணக்குப்படி அவன்தான் அசல் லார்ஜ். (அந்தப் புலவர் பெயர் பெருந்தலைச் சாத்தனார். அதிலும் ஒரு 'பெரு' இருக்கிறது பாருங்கள்!)

பிரெஞ்சில் இன்றும் 'லார்ஜ்' என்றால் அகலம். இத்தாலியில் 'லார்கோ' என்றாலும் அகலம், இசையில் அதுவே மிக மெதுவான நடை. பாய்மரக் கப்பல்காரர்களுக்கு 'லார்ஜ்' என்றால் காற்று பின்பக்கமாக வாய்ப்பது. 'பை அண்ட் லார்ஜ்' என்று ஆங்கில வகுப்பில் எழுதுகிறோமே, அது அவர்கள் பேச்சு. போலீசிடம் சிக்காத கைதி 'அட் லார்ஜ்'.

சரி, சட்டைக்கு எப்படி வந்தது? முன்பெல்லாம் யாரும் ஸ்மாலும் இல்லை, லார்ஜும் இல்லை. டெய்லர் டேப்பைச் சுற்றி அளவெடுப்பார், அவரவருக்கு அவரவர் அளவு. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரையும் அளக்க முடியுமா? சில அளவுகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து, அவற்றை வைத்து மொத்தமாகத் தைத்தார்கள். பெண்களுக்கு இது வர இன்னும் நாளானது. 1939-40இல் அமெரிக்க விவசாயத் துறை சுமார் 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகளாக எடுத்தது. ஆனால் வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஆய்வின் அடிப்படையில் 1958இல் வந்த சைஸ் தரத்தை 1983இல் விலக்கிக்கொண்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கம்பெனியும் வைத்ததுதான் சைஸ்.

இப்போது நம்ம திருப்பூருக்கு வருவோம். 1970களின் கடைசியில் வெரோனா என்ற இத்தாலி வியாபாரி டி-சர்ட் தேடி வந்தார். ஏற்றுமதி பெருகியது, கூடவே எஸ், எம், எல் லேபிள்களும் பெருகின. உள்ளூர்ப் பனியன் மட்டும் 85, 90, 95 என்று சென்டிமீட்டரிலேயே நின்றது. 38 இஞ்ச் மார்புள்ள ஒருவருக்கு 95 பனியன் பொருந்தும். சில கம்பெனிகளில் அது லார்ஜ். அதே ஆளுக்கு அமெரிக்க டி-சர்ட் மீடியம் போதும். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்கி, தொளதொளவென்று போட்டுத் திரிகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஆள் மாறவில்லை, எழுத்துதான் மாறுகிறது.

என் அத்தை ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். ஒருமுறை மீடியம் லேபிள் சில எல் பீஸ்களில் ஏறிவிட்டது. பேக் பண்ணின பெட்டியெல்லாம் பிரித்து, இரவு முழுக்க ஒவ்வொரு பீஸாக டேப் வைத்துப் பார்த்தார்களாம். "கழுத்துல இருக்கற துளியூண்டு துணிடா, அதுக்கு எங்க தூக்கம் போச்சு" என்றார்.

இந்திய உடம்புக்கென்று ஒரு அளவு வேண்டும் என்று நிஃப்ட் நிறுவனம் 'இந்தியாசைஸ்' திட்டத்தில் 25,000 பேரை ஸ்கேனரில் அளக்கக் கிளம்பியது. நல்ல காரியம். ஊர் உலகத்துக்கே உடுப்பு தைத்துக் கொடுத்துவிட்டு, நாம் வேறு யாருடைய உடம்புக்கோ வைத்த எழுத்தை மாட்டிக்கொண்டிருந்தோம்.

கடைசியாக ஒன்று. நம் வகுப்பில் ஒருவனை 'டபுள் எக்ஸ்எல்' என்று கூப்பிடுகிறோம். அவனும் சிரிப்பான். இவ்வளவும் படித்தபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சைஸ் எழுத்து சட்டைக்கு ஒட்டினது, ஆளுக்கு இல்லை. நான் இனி அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடப் போகிறேன். நீங்க?