காவலாளியை நிறுத்திய கையொப்பம்

2010 ஏப்ரல் 15 அன்று உலகின் பல இடங்களில் மின்னஞ்சல் சர்வர்களில் கடிதங்கள் அப்படியே தேங்கி நின்றன. ஹேக்கர் யாரும் உள்ளே நுழையவில்லை, புது வைரஸ் எதுவும் கிளம்பவில்லை. வைரஸைப் பிடிக்க வைத்திருந்த கிளாம்ஏவி என்ற மென்பொருளின் பழைய பதிப்புகளை, அதை எழுதியவர்களே தூரத்தில் இருந்தபடி நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதம் முன்னாடியே அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இந்தக் கதையை இலக்கிய நண்பர்களிடம் சொன்னால், "அது உங்க கம்ப்யூட்டர்காரங்க சண்டைப்பா" என்று கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கோ, சும்மா கிடைக்கும் ஒரு பொருளுக்கு நாம் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று கேட்கும் கதையாகவே இது தெரிகிறது.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1999 மார்ச்சில் மெலிசா வந்தது. வேர்ட் கோப்பில் ஒளிந்து வந்து, திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. 2000 மே மாதம் நம் பக்கத்து நாடான பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ' கிளம்பியது. காதல் கடிதம் என்று நம்பித் திறந்தவர்களின் கணினியில் கோப்புகளை அழித்தது. ஒவ்வொருவர் மேசையிலும் காவல் போடுவதைவிட, கடிதம் வந்து சேரும் வாசலிலேயே சோதிப்பது நல்லது என்று அப்போது பலருக்கும் உறைத்தது. ஆனால் வாசல் காவலுக்கான மென்பொருளை விற்ற நிறுவனங்கள் தலைக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் கேட்டன. சின்ன அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அது கட்டுப்படியாகவில்லை.

2002 மே மாதம் போலந்தைச் சேர்ந்த தோமாஸ் கோய்ம் கிளாம்ஏவியின் முதல் பதிப்பை வெளியிட்டார். ஜிபிஎல் உரிமம் என்பதால் யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். கிளாம் என்றால் மட்டி, நம்ம ஊர் கடைகளில் 'லாலா' என்று கேட்டுச் சாப்பிடுகிறோமே, அந்த வகைதான். பெயர்தான் சிறியது. தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், புதிய வைரஸ் மாதிரிகளை அனுப்பினார்கள். உலகெங்கும் பலர் தங்கள் சர்வர்களில் இடமும் இணைய வேகமும் கொடுத்து அதன் தரவுகளைப் பகிர்ந்தார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. நீங்கள் ஒரு சிறுகதையை இணைத்து ஓர் ஆசிரியருக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற அஞ்சல் மென்பொருள் கடிதத்தை வாங்கி அமாவிஸ் என்ற இடைத்தரகரிடம் கொடுக்கும். அமாவிஸ் இணைப்பைப் பிரித்து, கிளாம்டி என்ற காவலாளியிடம் காட்டும். கிளாம்டி தன்னிடமுள்ள வைரஸ் கையொப்பங்களோடு ஒப்பிட்டு 'சரி' அல்லது 'வைரஸ்' என்று சொல்லும். புதிய கையொப்பங்களைக் கொண்டுவருவது ஃபிரெஷ்கிளாம். முழுப் பட்டியலையும் ஒவ்வொரு தடவையும் இறக்காமல், புதிதாகச் சேர்ந்ததை மட்டும் எடுத்துவரும்.

பிரச்சினை அங்கேதான் வந்தது. 0.95க்கு முந்தைய பதிப்புகளின் ஃபிரெஷ்கிளாமில் ஒரு பிழை. 980 பைட்டுக்கு நீளமான கையொப்பம் ஒன்று வந்தால் அதனால் சேர்ந்ததை மட்டும் எடுக்க முடியாது, முழுப் பட்டியலையும் இறக்கும். எண்ணற்ற சர்வர்கள் இப்படிச் செய்தால், தானமாகக் கிடைத்த இணைய வேகம் தாங்காது. அதனால் புதிய பதிப்புக்கு மாறியவர்களுக்கும் நீளமான கையொப்பங்களைக் கொடுக்க முடியவில்லை. மாறாதவர்கள் மாறியவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

2009 மார்ச்சில் 0.95 வெளிவந்தது. அக்டோபரில் அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 15 அன்று பட்டியலில் ஒரு தனிக் கையொப்பத்தைச் சேர்த்தார்கள். பழைய கிளாம்டி அதைப் படித்ததும் நின்றது. காவலாளி பதில் சொல்லாததால் அமாவிஸ் கடிதத்தை உள்ளே விடவில்லை, வரிசையில் நிறுத்தியது. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும், பிறகு அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

கோபம் வெடித்தது. "என் சர்வரை நிறுத்த நீ யார்?" என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆதரவு முடிந்தது என்று சொல்வது வேறு, இயங்கிக்கொண்டிருப்பதைக் கை வைத்து நிறுத்துவது வேறு. தேங்கிய கடிதங்கள் கிளாம்ஏவிக்காரர்களுடையவை அல்லவே.

ஆனாலும் யோசிக்க யோசிக்க நான் எழுதியவர்கள் பக்கமே சாய்கிறேன். புதுப்பிக்காத காவலாளி எல்லாக் கடிதத்துக்கும் 'சரி' என்று தலையாட்டுவான். கடிதம் நின்றால் ஒரு மணி நேரத்தில் யாராவது கேட்பார்கள். காவல் செத்துப்போய்க் கடிதம் மட்டும் போய்க்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. சத்தம் போட்டுக் கெடுவது, சத்தமில்லாமல் கெடுவதைவிட மேல். தவிர, ஆறு மாத அவகாசத்தில் அறிவிப்பைப் படிக்காதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். காசு கொடுத்து வாங்கியிருந்தால் விற்பவர் போன் போட்டுச் சொல்லியிருப்பார். இலவசத்தில் அந்த போன் வராது. நாமாகப் போய்ப் படிக்க வேண்டும்.

2007இல் சோர்ஸ்ஃபயர் நிறுவனம் கிளாம்ஏவியை வாங்கியது. 2013இல் சோர்ஸ்ஃபயரைச் சிஸ்கோ வாங்கியது. பெரிய கைகளுக்குப் போனபிறகும் பழைய வியாதி விடவில்லை. ஒரே நாளில் பலமுறை முழுப் பட்டியலை இறக்கும் சர்வர்கள் பெருகியதால் 2021இல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். இன்றும் ஃபிரெஷ்கிளாமின் பதிவேட்டில் 429 என்ற எண் தெரிந்தால், அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். 403 என்றால் வாசல் அடைபட்டுவிட்டது, உங்கள் பதிப்பு மிகப் பழையதா என்று முதலில் பாருங்கள்.

காவலாளி அடிக்கடி காரணமில்லாமல் சாகிறானா? நினைவகத்தைப் பாருங்கள். கையொப்பங்கள் மட்டுமே 1 ஜிபிக்கு மேல் பிடிக்கும். 2020இல் வந்த 0.103 முதல், புதுப் பட்டியலை ஏற்றும்போது பழையதும் கூடவே இருக்கும், தேவை இரட்டிப்பாகும். சின்ன சர்வரில் லினக்ஸே அதைக் கொன்றுவிடும். ஒரே நேரத்தில் இரண்டையும் வைத்திருக்கும் அந்த அமைப்பை அணைத்துவிடலாம். ஏற்றி முடியும்வரை சோதனை கொஞ்சம் காத்திருக்கும், அவ்வளவுதான்.

முதல் முழுப் பதிப்பான 1.0 வெளிவந்தது 2022 நவம்பரில். இருபது வருடங்கள். நான் இப்போதும் மாதம் ஒருமுறை ஐக்கார் என்ற 68 எழுத்துச் சோதனை வரியை எனக்கே அனுப்பிப் பார்ப்பேன். அதில் தீங்கு ஒன்றுமில்லை, ஆனால் எல்லா வைரஸ் தடுப்பு மென்பொருளும் அதை வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிடிபட்டால் காவலாளி விழித்திருக்கிறான். அது என் பெட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டால், அன்றைக்கு வேறு வேலை பார்ப்பதில்லை.