ஐந்து நாள் சரக்கு: தட்டணு தானத்தின் வரலாறு

இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளணு தவிர மூன்றாவதாகத் தட்டணு என்று ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் என்பார்கள். காயம் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு இரத்தம் கசியாமல் அடைப்பது அதன் வேலை. இதை 1882-இல் விளக்கியவர் இத்தாலியரான பிட்சோசெரோ. 1910-இல் பாஸ்டனில் வில்லியம் டியூக் என்ற மருத்துவர், கசிவு நிற்காத நோயாளிகளுக்குப் பிறர் இரத்தத்தை நேரடியாக ஏற்றினார். தட்டணு கூடியது, கசிவு நின்றது. சில நாளில் தட்டணு மறுபடி குறைந்ததையும் அவரே எழுதி வைத்தார்.

வழி தெரிந்தும் நாற்பது ஆண்டுக்கு மேல் அது குழந்தைகளுக்கு வந்து சேரவில்லை. சரக்கைப் பிரித்துக் கெடாமல் வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1955-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் எமில் ஃப்ரைரைக் சேர்ந்தார். இரத்தப் புற்று வந்த பிள்ளைகள் அங்கே மூக்கிலும் ஈறிலும் குடலிலும் இரத்தம் கசிந்தே செத்துக்கொண்டிருந்தார்கள். வங்கியில் இருந்து வந்ததோ பழைய இரத்தம். அதில் தட்டணு உயிரோடு இல்லை. புதிதாக எடுத்த இரத்தத்தைக் கொடுத்தால் கசிவு நிற்கும் என்று அவர் காட்டினார். கண்ணாடிப் புட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் பை வந்ததும் தட்டணுவைத் தனியே பிரிப்பது எளிதாயிற்று. 1962-இல் அவரும் கூட்டாளிகளும் தட்டணுக் கணக்குக்கும் கசிவுக்கும் உள்ள உறவை வெளியிட்டார்கள். புற்று மருந்தும் எலும்பு மச்சையை அடக்கித் தட்டணுவைக் குறைக்கும். ஆகவே தட்டணு கையில் இருந்தால்தான் பல மருந்துகளைச் சேர்த்துக் கடுமையாகக் கொடுக்க முடியும். இந்த ஏற்பாடு இல்லாமல் அந்த மருந்துகளும் இல்லை என்பது என் கருத்து.

தன் மகனுக்கு இரத்தப் புற்று வந்ததால் ஐ.பி.எம். பொறியாளர் ஜார்ஜ் ஜட்சன் ஃப்ரைரைக்கோடு சேர்ந்து, இரத்த அணுக்களைப் பிரிக்கும் இயந்திரம் செய்தார். இன்று கொடையாளியிடம் தட்டணுவை மட்டும் எடுத்து மீதியைத் திருப்பி ஏற்றும் கருவிகள் அந்த வழியில் வந்தவையே.

குளிரில் வைத்தால் எதுவும் கெடாது என்பது நம்ம கடைக்காரர் பாடம். தட்டணுவுக்கு அது தலைகீழ்! குளிரில் வைத்தது உடம்பில் சீக்கிரம் மறைந்துவிடுகிறது என்று 1969-இல் மர்ஃபியும் கார்ட்னரும் கண்டார்கள். அதனால் 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே வைக்கிறார்கள். ஆயுள் ஐந்து நாள். இருப்பு வைக்க முடியாத சரக்கு.

நம் பக்கம் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம், 1955-இல் ஹைதராபாத் ரெட் ஹில்ஸில் மெஹதி நவாஸ் ஜங் தொடங்கிய மருத்துவமனை. (சென்னையிலும் ஒரு ரெட் ஹில்ஸ் உண்டு, குழம்ப வேண்டாம்.) உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பால் 1998 முதல் இரத்தத்தை விலைக்குக் கொடுப்பது தடையாயிற்று. நியாயமான தீர்ப்பு. நம் சமண நூல்கள் சொல்லும் நால்வகைத் தானத்தில் ஔடத தானமும் ஒன்று. அதற்கு விலை ஏது? ஆனால் விற்பவர் போன இடத்தில், பல ஆஸ்பத்திரிகளில் "உங்க ஆள் யாராவது வரச் சொல்லுங்க" என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. ஊரிலே என்றால் சித்தப்பா, மாமா என்று பத்து பேர் வருவார்கள். கச்சிபௌலியில் வாடகை வீட்டில் தாயும் தகப்பனும் மட்டும் இருக்கும் குடும்பத்துக்கு யார் வருவார்? குழந்தைக்கோ ஒரு தடவையோடு முடியாது. மழைக்காலம் வந்தால் டெங்கு நோயாளிகளும் அதே பைக்குத்தான் காத்திருப்பார்கள்.

இயந்திரத்தில் கொடுக்க ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம்; ஆண்டுக்கு 24 தடவைக்கு மேல் கூடாது. எடை 50 கிலோ, தட்டணு ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். உபவாச நாளில் போகாதீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மூன்று நாளைக்குள் ஆஸ்பிரின் போட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.