ஏழடி மல்லரும் காமாவும்

கிங்கொங், தாராசிங் மோதல்களை ஆர்வத்துடன் நினைவுகூரும் மூத்தோர் இன்றும் உளர். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே பிரித்தானிய இந்தியாவின் மல்யுத்த ரசிகர்களை ஆட்கொண்ட போட்டி வேறொன்று.

1895 ஆம் ஆண்டு. குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா அப்போது இந்தியாவின் முதன்மை மல்லர். உயரம் ஏறத்தாழ ஏழடி. அவரை எதிர்த்து நின்ற காமாவுக்கு வயது 17. உயரம் 5 அடி 7 அங்குலம். இளைஞர் விரைவில் மண்ணைக் கவ்வுவார் என்றே பலரும் எண்ணினர். ஆனால் போட்டி மணிக்கணக்கில் நீண்டு, வெற்றி தோல்வியின்றி முடிந்தது. காமாவின் பெயர் நாடெங்கும் பரவியது.

1910 அளவில் இந்தியாவின் முன்னணி மல்லர்களைக் காமா வென்றிருந்தார். ரஹீம் பக்ஷ் மட்டும் எஞ்சினார். அவ்வாண்டு இலண்டனில் அமெரிக்கரான ரோலரைக் காமா வீழ்த்தினார். போலந்தின் ஸிபிஸ்கோவோ இரண்டரை மணிநேரத்துக்கும் மேலாகத் தரையோடு ஒட்டிக் கிடந்து தப்பினார், மறுபோட்டிக்கு வரவேயில்லை. 'ஜோன் புல்' விருதுப் பட்டி காமாவுக்கே கிடைத்தது.

எனினும் பழைய கணக்கு தீர்க்கப்படாதிருந்தது. தாயகம் திரும்பியபின் அலகாபாத்தில் இருவரும் மீண்டும் மோதினர். நெடும் போராட்டத்தின் பின் காமா வென்று 'ருஸ்தம்-ஏ-ஹிந்த்' ஆனார். ரஹீம் பக்ஷ் அப்போது இளமையைக் கடந்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தாம் சந்தித்த மிகக் கடினமான எதிராளி யாரெனப் பிற்காலத்தில் கேட்கப்பட்டபோது காமா சொன்ன பெயர் ஸிபிஸ்கோ அன்று, ரஹீம் பக்ஷ்.

1960 இல் லாகூரில் காமா மறைந்தார். வென்றவரை வரலாறு மறக்கவில்லை. தோற்றவரை மறவாதிருந்தவர், வென்றவரே.