சாயும் நெல்லும் சாக்கேயும்

சாக்கே பத்திப் பேசுறவங்க முதல்ல கேட்பது, அரிசியை எவ்வளவு தீட்டினாங்க என்பதைத்தான். பாதியாவது தீட்டிக் கழித்தால்தான் தாய்கின்ஜோ. புட்டி மேலேயே சதவீதம் போட்டிருக்கும். நெல்லை விளைவித்தவருக்கும் ஆலைக்காரருக்கும் என்ன ஒப்பந்தம் என்பது போட்டிருக்காது. எனக்கு அதுதான் ருசியான கதை.

சாக்கேக்குப் பேர்போன யாமாதா நிஷிகி உயரமான பயிர். கதிர் முற்றினால் காற்றுக்கும் மழைக்கும் சாய்ந்துவிடும். வாங்க ஆள் உறுதியாக இல்லாமல் எந்த விவசாயி இதைப் போடுவார்?

1873இல் ஜப்பானில் நிலவரியை நெல்லாகக் கட்டாமல் பணமாகக் கட்டும் முறை வந்தது. வரி நெல்லைக் கறாராகச் சோதித்த கெடுபிடி போச்சு. கூடவே தரமும் இறங்கியது. நல்ல நெல் கிடைக்காமல் திண்டாடிய நாடா ஆலைக்காரர்கள், 1890களில் ஹியோகோ கிராமங்களோடு நேரடியாகப் பேசி முடித்தார்கள். இந்த ஊர் நெல் இந்த ஆலைக்கு, வருஷா வருஷம். 'முராமாய்', அதாவது ஊர் அரிசி, என்று பெயர். 1936இல் பெயர் பெற்ற யாமாதா நிஷிகி இந்த ஊர்களில்தான் நன்றாக வேர் பிடித்தது.

1942 உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரிசி வியாபாரத்தை அரசின் கைக்குக் கொண்டுபோனது. 1995 வரை நீடித்த சட்டம் அது. அந்தக் காலத்திலேயே நீகாத்தாவில் ஒரு காரியம் நடந்தது. குசுமி ஆலையின் வயதான தோஜி (தலைமைக் கைவினைஞர்), இளமையில் குடித்த 'காமே நோ ஓ' நெல் சாக்கேக்கு ஈடில்லை என்றாராம். 1893இல் யாமாகாத்தா விவசாயி அபே காமேஜி, குளிரில் சாய்ந்த பயிருக்கு நடுவே நின்ற மூன்று கதிர்களை எடுத்துப் பெருக்கிய ரகம் அது. வேடிக்கை பாருங்க, நிமிர்ந்து நின்றதால் கண்ணில் பட்ட நெல், ரசாயன உரம் வந்ததும் உயர வளர்ந்து சாய ஆரம்பித்தது. வயலை விட்டே போய்விட்டது.

ஆலைக்காரர் குசுமி நோரிமிச்சிக்குக் கிடைத்தது சுமார் 1,500 விதை. ஒரு கைப்பிடி! விவசாயிகளோடு சேர்ந்து அதைப் பெருக்கி, 1983இல் சாக்கே ஆக்கினார். இதை ஒட்டித்தான் ஓசே அகிரா 'நாட்சுகோவின் சாக்கே' என்ற மங்கா தொடரை எழுதினார்.

ருசியா? யாமாதா நிஷிகி வழுவழுன்னு இறங்கும். காமே நோ ஓ அப்படி இல்ல. என் நாக்குக்கு ஓரத்துல ஒரு புளிப்பு நின்னுச்சு. லேசா சூடு பண்ணினப்ப அதுவே இன்னும் நல்லா இருந்துச்சு.