நாவடக்கமும் வாயடைப்பும்

"பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்பது நம் முதியோர் வாக்கு. யுத்த காலத்தில் இவ்வாக்கே சர்க்காரின் கட்டளையாகி விடுவதுண்டு. தன் நாவைத் தானே அடக்கிக்கொள்வதற்கும், பிறர் வந்து வாயை அடைப்பதற்கும் உள்ள வேற்றுமை யாது? 1940-ஆம் ஆண்டில் பிரிட்டனில் நிகழ்ந்தவை இதற்கு விடை கூறுகின்றன.

அவ்வாண்டு பிப்ரவரி மாதத்தில் பிரிட்டிஷ் தகவல் இலாகா எட்டுச் சித்திர விளம்பரங்களை வெளியிட்டது. கவனமற்ற பேச்சு உயிரைக் குடிக்கும் என்பதே அவற்றின் சாரம். கப்பல் புறப்படும் நாள், பட்டாளம் போகும் இடம், தொழிற்சாலையில் உருவாகும் பொருள் ஆகியவற்றைப் பற்றிய சிறு சிறு செய்திகளையும் ஒற்றர்கள் சேர்த்துக் கோத்துவிடுவர் என்ற அச்சமே அவற்றுக்குக் காரணம்.

அவற்றை வரைந்தவர் 'பூகாஸ்' என்னும் புனைபெயர் பூண்ட சிரில் கென்னத் பேர்டு. இவர் 1915-ல் கலிப்போலிப் போர்க்களத்தில் முதுகெலும்பில் படுகாயமுற்றவர். யுத்தத்தின் கொடுமையை உடலால் அறிந்தவர். ஊதியம் பெறாமலே இச்சித்திரங்களை அளித்தார். ஒன்றில் இரு மாதர் வண்டியில் அமர்ந்து அளவளாவுகின்றனர். பின் ஆசனத்தில் ஹிட்லரும் கோரிங்கும் செவிசாய்த்திருக்கின்றனர். மற்றொன்றில் சுவரில் ஒட்டிய அலங்காரத் தாள் முழுவதும் ஹிட்லரின் முகமே! குருதியில்லை, வசையில்லை, மிரட்டலில்லை. கண்டோர் நகைத்தனர், நகைக்கும்போதே தம்மையும் அச்சித்திரத்தில் கண்டுகொண்டனர்.

ஜூன் மாதத்தில் பிரான்சு வீழ்ந்தது. படையெடுப்பு நேருமென்ற பீதி பரவியது. மக்களிடையே கலக்கமும் சோர்வும் விளைவிக்கும் பேச்சு குற்றமாக்கப்பட்டது. ஜூலையில், டப் கூப்பர் மந்திரியாயிருந்த அதே இலாகா, 'மௌனப் படை' என்றோர் இயக்கத்தைத் தொடங்கிற்று. வதந்தி பேசுவோரைக் கண்டித்துத் திருத்துக; திருந்தாவிடில் போலீசுக்கு அறிவித்திடுக என்று குடிமக்களுக்கு அது உரைத்தது. வாய் தவறிப் பேசிய எளியோரும் நீதிமன்றம் ஏறினர். அண்டை வீட்டானை அண்டை வீட்டான் ஐயுறலாயினான். சுதந்திரத்துக்காகப் போரிடுகின்ற நாட்டில் இதுவா முறை என்று மக்கள் முணுமுணுத்தனர், பத்திரிகைகளும் கண்டித்தன. ஜூலை 23-ல் பிரதமர் சர்ச்சில் காமன்ஸ் சபையில் அவ்வியக்கம் கைவிடப்பட்டதை ஒப்புக்கொண்டார். மௌனப் படையின் ஆயுள் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே இலாகா. ஆயினும் சித்திரங்கள் மக்கள் மனத்தில் நிலைத்தன; மௌனப் படையோ மடிந்தது. ஏன்? முன்னது குடிமகனைப் பங்காளியாக மதித்து வேண்டிக்கொண்டது. பின்னது அவனைக் குற்றவாளியாகக் கருதி வேவு பார்த்தது. மேலும், கப்பல் புறப்படும் நாளை மறைத்தல் நாட்டைக் காக்கும்; குடிமகனின் கவலையையும் ஐயத்தையும் மறைக்கச் சொல்லுதல் ஆள்வோரின் பிழையைத்தான் காக்கும்.

ஆதலின் அன்பர்களே, வாயை மூடுக என எவரேனும் நமக்கு ஆணையிடும்போது, யாம் முதலில் வினவ வேண்டியது ஒன்றுண்டு: மறைக்கச் சொல்வது கப்பலின் நாளையா, நம் குறையையா?