பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும்

பழசோடு புதுசைக் கலந்து வீட்டை அலங்கரிப்பது இன்றைய மோஸ்தர் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஐயாக்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அதைச் செய்துவிட்டார்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்ற அமைப்பில் கைவைக்கவில்லை. மற்றதெல்லாம் அன்றைய புதுசு. பர்மாவில் வட்டித்தொழிலில் சேர்ந்த காசு தேக்குத் தூணாக வந்து நின்றது. இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி; நிலைக்கு மேலே மட்டும் அதே கஜலட்சுமி.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டை அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவை அப்பி, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடும். சூளையே கிடையாது. ஆள் நடமாட நடமாடத்தான் மினுக்கம் கூடும்.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது, பணவரத்து நின்றது. பிறகு பல வீடுகளைப் பங்காளிகள் பிரித்து விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் அந்தத் தூண்களும் எனாமல் சட்டிகளும் விலைக்கு வந்தன. சென்னை அடுக்குமாடிக்காரர்கள் வாங்கிப்போய் டிவிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். வைக்கட்டும். கதவைப் படுக்கவைத்துச் சாப்பாட்டு மேசையாக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செதுக்கலுக்குள் சாம்பார் போனால் யார் துடைப்பது?