லவ்டேல் மண்ணுக்கு ஏன் சுண்ணாம்பு?

போன வருஷம் லவ்டேல்ல ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து கோட் எழுதிட்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம். பீட்ரூட் விதைச்சேன். மூணு மாசம் கழிச்சுப் பிடுங்கினா கோலிக்குண்டு சைஸ். பக்கத்துத் தோட்டக்கார ஐயா எட்டிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, சுண்ணாம்பு போட்டீங்களா?"

போடலை. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பிஎச் 4.8.

பிஎச் ஒரு லாக் ஸ்கேல். பீட்ரூட் கேட்கிற 6-ஐ விட 4.8-ல அமிலம் கிட்டத்தட்ட 16 மடங்கு. நீலகிரியில் காலங்காலமாகப் பெய்த மழை மண்ணிலிருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைச்சுக் கொண்டுபோயிடுச்சு. மிஞ்சினது இரும்பும் அலுமினியமும். பிஎச் 5.5-க்குக் கீழே போனா அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியை முடக்கும், பாஸ்பரஸையும் பிடிச்சு வச்சுக்கும். நான் கொட்டின உரம் செடிக்குப் போய்ச் சேரவே இல்லை.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தப்போ, இங்கே படகர்கள் சாமையும் ராகியும் விளைவிச்சுட்டிருந்தாங்க. சல்லிவன் காலத்தில்தான் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் மற்ற இங்கிலீஷ் காய்கறிகளும் வந்தன. உருளை அமிலத்தைத் தாங்கும். மத்ததெல்லாம் அவ்வளவு பொறுமைசாலி இல்லை.

அதே சமயத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் எட்மண்ட் ரஃபின் என்ற பண்ணையார், சோர்ந்துபோன தன் நிலத்தில் சுண்ணாம்பு கலந்த களிமண்ணைக் கொட்டிப் பார்த்தார். வருஷம் 1818. மண்ணில் அமிலம் இருக்குன்னு அவர் ஊகித்தது சரி. (அடிமைகளை வச்சு விவசாயம் பண்ணவர், அதையும் சொல்லிடணும்.) பிஎச் என்ற அளவையே டென்மார்க்கின் சோரன்சன் 1909-ல்தான் கொண்டுவந்தார்.

இப்ப லவ்டேலுக்குக் கீழே இருக்கிற கேத்திக்கு வருவோம். அங்கே அரசாங்கம் ஒரு சோதனைப் பண்ணை நடத்தியது. 1835-ல் கல்கத்தாவிலிருந்து வந்த தேயிலைக் கன்றுகளை அங்கே நட்டாங்க. கொஞ்ச நாளில் பண்ணை கைவிடப்பட்டது. பிறகு பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் வந்து, கவனிப்பாரில்லாமல் கிடந்த கன்றுகளை மீட்டார். அவை செழித்து வளர்ந்தன. தேயிலைக்கு இந்த அமில மண்தான் பிடிக்கும். அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வச்சுக்கிற செடி அது.

இருபதாம் நூற்றாண்டில் சிறு விவசாயிகளும் காய்கறி நிலத்தில் தேயிலை வச்சாங்க. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிஞ்சது. திரும்பக் கேரட்டுக்குப் போயிடலாமேன்னு நாம சுலபமா சொல்லிடுவோம். ஆனா தேயிலையே மண்ணை இன்னும் அமிலமாக்கும், அமோனியம் சல்பேட் உரம் அதுக்கு மேல. பழையபடி காய்கறி வைக்க சுண்ணாம்போ டோலமைட்டோ மூட்டை மூட்டையாப் போடணும். இந்த மலைப்பாறை சார்னோகைட், சுண்ணாம்புக்கல் கிடையாது. அது இருக்கிறது கீழே, கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரை மாதிரி ஊர்களில். 1934-லேயே அங்கே சிமென்ட் ஆலை வந்துடுச்சு. மலைக்கு வேணும்னா லாரி காட் ரோடு ஏறணும், அந்த வாடகை விவசாயி தலையில்.

இந்தத் தடவை விதைப்புக்கு ஒரு மாசம் முன்னாடியே டோலமைட்டைக் கொத்திக் கலந்தேன். பிஎச் 5.6 வந்தது. பீட்ரூட் டென்னிஸ் பால் சைஸ். கேரட் மட்டும் இன்னும் ரெண்டு கால் முளைச்சு வருது. அதுக்குக் காரணம் சுண்ணாம்பு இல்லை, கல்லுன்னு ஐயா சொல்றார்.